இல்லம் புகுந்த தெய்வங்கள்: பழைய சாமி படங்களை இனங்காணலும் மதிப்பிடலும்

கல்லில் செதுக்கிய தெய்வங்களைப் பற்றியும் செம்பில் வார்த்த திருமேனிகளைப் பற்றியும் நம்மவர் நிறைய எழுதியுள்ளனர். சுவரில் ஆணியடித்துச் சட்டமிட்டு மாட்டிய காகிதத் தெய்வங்களைப் பற்றி எழுத முன்வந்தோர் சிலரே. கோயிலில் உள்ள உருவம் ஊருக்கெல்லாம் பொது. சுவரில் உள்ள படமோ ஒரு குடும்பத்துக்கு உரியது. அதன் முன் விளக்கேற்றித்தான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பெண்ணுக்குத் திருமாங்கல்யம் செய்யச் சொன்னார்கள். கடைக்குப் புதுக் கணக்குப் போட்டார்கள். ஒரு நூற்றாண்டு காலம் நம் மக்கள் தெய்வத்தை எவ்வடிவில் நினைத்தார்கள் என்பதை அறிய விரும்புவோர்க்கு இப்படங்களே முதற் சான்று.

அச்சான்று இன்று விரைந்து மறைந்து வருகிறது. ஒருபால், பழைய வீடுகளை இடிப்போர் படங்களைப் பயனற்றவை எனத் தள்ளுகின்றனர். மறுபால், பழம்பொருள் வணிகர் அவற்றைத் தேடித் திரிகின்றனர். உடையவர்க்கு மதிப்புத் தெரியவில்லை, வாங்குவோர்க்குத் தெரிகிறது. ஆகவே இப்படங்களின் வரலாற்றையும், அவற்றை இனங்காணும் வழிகளையும், மதிப்பிடும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம். சான்றுக்குரிய நிலமாகச் சித்தூர் மாவட்டத்துப் பலமனேரையும் அதனைச் சூழ்ந்த திருப்பதி வட்டாரத்தையும் கொள்வோம்.

அச்சுக்கு முன் இல்லத்துத் தெய்வம்

அச்சுப் படம் வருவதற்கு முன் எளிய குடும்பங்களின் பூசையிடத்தில் இருந்தவை விளக்கு, கலசம், மஞ்சளில் பிடித்த பிள்ளையார், சுவரில் இட்ட திருநாமம் அல்லது திருநீற்றுப் பட்டை ஆகியவையே. வண்ணத்தில் தீட்டிய தெய்வ உருவம் செல்வர்க்கே கிட்டியது. பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, பொற்றகடும் கண்ணாடிக் கற்களும் பதித்து ஆக்கப்பெற்ற தஞ்சாவூர் ஓவியம் அத்தகையது. கண்ணாடியின் பின்புறத்தில் தலைகீழ் வரிசையில் வண்ணந்தீட்டும் கண்ணாடி ஓவியமும் தஞ்சையில் செழித்தது. இவை ஒவ்வொன்றும் கையால் ஆனவை. ஆதலின் விலை மிக்கவை. கோயிலுக்குச் செல்லவோ, சாதிக் கட்டுப்பாட்டால் உரிமையே இல்லாத மக்கள் மிகப் பலர். தெய்வத்தின் திருமுகத்தைக் கண்ணாரக் காணுதல் அவர்களுக்கு அரிதினும் அரிதாய் இருந்தது.

கல் தந்த கலை

இந்நிலையை மாற்றியது ஒரு கல். செருமானிய நாட்டு அலாய்ஸ் செனிபெல்டர் என்பார் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லச்சு முறையைக் கண்டார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதே இதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணக் கல்லின்மேல் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டினால், வரைந்த இடம் மட்டும் மையைப் பற்றும். ஏனைய இடம் தள்ளும். 1837-இல் பிரான்சு நாட்டு எங்கெல்மன் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் என்ற முறையில் பல வண்ணக் கல்லச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படுவதுண்டு. ஒரே தாளை ஒவ்வொரு கல்லின்மேலும் மயிரிழை பிசகாமல் வைத்து எடுத்தால்தான் கண் கண்ணாகவும் இதழ் இதழாகவும் அமையும்.

இவ்வாறு அச்சிட்ட படத்தின்மேல் வார்னிஷ் பூசி, துணியில் தீட்டிய எண்ணெய் ஓவியம் போலத் தோன்றும்படி மேற்பரப்பில் நெசவுப் புடைப்பும் அழுத்தினால் அது ஒலியோகிராஃப் எனப் பெயர் பெற்றது. எண்ணெய் ஓவியத்தை வாங்க இயலாதவர்க்கு அதன் சாயலைக் காகிதத்தில் தந்த உத்தி இது.

இந்தியாவில் இக்கலை வேரூன்றிய ஆண்டாக 1878-ஐச் சொல்லலாம். அவ்வாண்டில் கல்கத்தாவில் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவும், புனாவில் விஷ்ணு சாஸ்திரி சிப்ளூண்கரின் முயற்சியால் சித்திரசாலை அச்சகமும் தோன்றின. அதே காலத்தில் செருமானிய அச்சகங்களும் இந்தியச் சந்தைக்கென இந்துத் தெய்வப் படங்களை அச்சிட்டுக் கப்பலேற்றின.

ரவி வர்மாவின் அச்சகம்

கிளிமானூரில் 1848-இல் பிறந்த ராஜா ரவி வர்மா, மன்னர்களின் அரண்மனைகளுக்கு எண்ணெய் வண்ண ஓவியம் தீட்டிப் பெரும்புகழ் பெற்றவர். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக விளங்கிய சர் டி. மாதவராவ், ஓவியங்களை ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப்படிகள் எடுக்கலாம் என 1884-இல் அவருக்கு யோசனை கூறினார். அந்த விதை பத்தாண்டு கழித்து முளைத்தது. 1894-இல் பம்பாயில் ரவி வர்மா தம் அச்சகத்தைத் தொடங்கினார். செருமானியத் தொழில்வல்லுநர்கள் பணியமர்த்தப்பெற்றனர். சகுந்தலையின் பிறப்பைச் சித்திரிக்கும் படம் முதலில் வெளிவந்தது. தாமரைமேல் நிற்கும் இலக்குமியும், வீணையேந்திய சரசுவதியும் நாடெங்கும் பரவினர். இன்று நாம் கண்ணை மூடினால் மனத்தில் தோன்றும் திருமகளின் வடிவம் பெரும்பாலும் அந்தக் கற்களிலிருந்து எழுந்ததே.

பம்பாயில் பிளேக் நோய் பரவிய காலத்தில் அச்சகம் லோணாவளை அருகே மளவ்லி என்னும் ஊருக்கு இடம் மாறியது. தொழில் புகழை ஈட்டியதேயன்றிப் பொருளை ஈட்டவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அங்குப் பணியாற்றிய பிரிட்ஸ் ஷ்லைகர் என்னும் செருமானியருக்கே அச்சகம் விற்கப்பட்டது. 1906-இல் ரவி வர்மா மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அச்சகமோ தொடர்ந்து பல பத்தாண்டுகள் இயங்கியது. எம். வி. துரந்தர் முதலிய பிற ஓவியர்களின் படைப்புகளும் அங்கிருந்து வெளிவந்தன. பின்னாளில் இந்தியத் திரைப்படத்தின் தந்தையெனப் போற்றப்பெற்ற தாதாசாகிப் பால்கே அவ்வச்சகப் பணியில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1972-இல் நேர்ந்த தீ விபத்தில் எஞ்சியிருந்தவற்றுள் பல அழிந்தன.

இவ்வரலாற்றில் மதிப்பிடுவோர் மனத்திற் கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. "ரவி வர்மா அச்சகம்" என்ற முத்திரை இருப்பதனாலேயே ஒரு படம் ரவி வர்மா தீட்டியதாகிவிடாது. அவர் உயிரோடிருந்த காலத்ததும் ஆகிவிடாது. படத்தின் மூலையில் காணும் கையெழுத்தும் கல்லிலேயே பொறித்து அச்சானது, பேனாவால் இட்டதன்று.

தெற்கின் கைவண்ணம்

தமிழ் வழங்கும் நிலத்துக்கென ஒரு மரபைத் தந்தவர் சி. கொண்டையராஜு. 1898-இல் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, சிலகாலம் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் தங்கி, பின் நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதிப் பிழைத்தவர் அவர். 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டு, டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம் முதலிய மாணவர்களோடு தெய்வப் படங்கள் எழுதினார். 1976-இல் மறைந்தார். அவர் படங்களில் அம்மன் நேரே நம்மை நோக்குவாள். நகையும் மாலையும் குறைவற ஒளிரும். பின்னணியில் நாடகத் திரையின் தூணும் திரைச்சீலையும் தெரியும். வழிபாட்டுக்குரிய நேர்நோக்கு அவர் எழுத்தின் தனிச்சிறப்பு. கனடா நாட்டு ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இக்கோவில்பட்டி மரபை ஆராய்ந்து எழுதியுள்ளார்.

அப்படங்களைப் பரப்பியது சிவகாசி. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சீட்டு வேண்டியிருந்தது. சீட்டுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. அச்சகம் வந்தபின் நாட்காட்டி பிறந்தது. ஆண்டு முடிந்ததும் தேதித் தாள்களைக் கிழித்தெறிந்துவிட்டு, மேலுள்ள சாமி படத்துக்குச் சட்டமிட்டு மாட்டிக்கொள்வது நம் வீடுகளின் வழக்கம். ஆகவே பல "சாமி படங்கள்" பிறப்பால் நாட்காட்டிகளே.

வடக்கே கராச்சியில் இருந்த பிரிஜ்பாசி நிறுவனம் நாத்வாரா ஓவியர்களின் படங்களைச் செருமனியில் அச்சிட்டு விற்றது. 1947-இல் நாடு பிரிந்தபின் அந்நிறுவனத்தார் இந்தியாவுக்குப் பெயர்ந்தனர். கராச்சி முகவரி தாங்கிய கண்ணன் படம் ஒன்று கிடைக்குமாயின் அது பிரிவினைக்கு முற்பட்டது என எளிதில் துணியலாம்.

பலமனேர் என்னும் கூடுமிடம்

சித்தூரிலிருந்து மேற்கே மொகிலிக் கணவாய் ஏறினால் குளிர்காற்று வீசும் மேட்டுநிலத்தில் பலமனேர் அமைந்துள்ளது. சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழி அவ்வழியே செல்கிறது. கிழக்கே தமிழும், மேற்கே கன்னடமும், ஊரில் தெலுங்கும் ஒன்றோடொன்று உறவாடும் இடம் அது. மைசூர் நாட்டுக் கடைச் சரக்கும், சென்னைச் சரக்கும், திருப்பதி யாத்திரையின் நினைவுப் பொருளும் ஒரே வீட்டில் சேர்வதற்கு இத்தகைய இடமே உரியது. இவ்வட்டாரத்துப் பழைய வீட்டுப் படங்களைப் பார்க்கப் புகுவோர் அடியில் அச்சிட்ட பெயர் எம்மொழியில் உள்ளது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். நாகரியும் ஆங்கிலமும் மட்டும் இருப்பின் அது மேற்கிலிருந்து வந்த சரக்காக இருக்கலாம். தமிழோ தெலுங்கோ இருப்பின் தென்னாட்டுச் சந்தைக்கென அச்சானது.

திருமலை வேங்கடவன் படமில்லாத வீடு இவ்வட்டாரத்தில் அரிது. 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்தாரின் பொறுப்பில் இருந்த திருமலைக் கோயில் நிருவாகம், 1933-இல் தேவஸ்தானக் குழுவிடம் வந்தது. 1944-இல் மலைப்பாதை திறக்கப்பெற்று வண்டிகள் ஏறலாயின. மலைக்குச் சென்று திரும்புவோர் பிரசாதத்தோடு பெருமாள் படமும் கொண்டுவருவது வழக்கமாயிற்று. சென்று வந்ததற்கு அப்படமே சாட்சி. போகமுடியாத முதியவர்க்கு அதுவே தரிசனம்.

இவ்வட்டாரத்தின் ஆட்சி வரலாறு காலங்காணும் கருவியாகவும் உதவுகிறது. 1911-க்கு முன் பலமனேர் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953-இல் ஆந்திர மாநிலமும் 1956-இல் ஆந்திரப் பிரதேசமும் உருவாயின. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. படத்தின் பின்புறம் சட்டக்காரர் ஒட்டிய சிறு சீட்டில் "வடஆர்க்காடு ஜில்லா, பலமனேர்" என்றிருந்தால் அது கூறும் காலம் வேறு. "சித்தூர் ஜில்லா, ஆந்திரா" என்றிருந்தால் அது கூறும் காலம் வேறு. மன்னர் பெயரைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பது போன்றதே இதுவும்.

இனங்காணும் வழிகள்

முதற் கருவி உருப்பெருக்கிக் கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒன்று போதும். தெய்வத்தின் கன்னத்தையோ வானத்தையோ அதன்வழி நோக்குக. ஒழுங்கற்ற சிறு புள்ளிகளும், கோலால் தேய்த்தது போன்ற மணல் தன்மையும், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த தனி வண்ணங்களும் தெரிந்தால் அது கல்லச்சு. நான்கே வண்ணப் புள்ளிகள் வரிசை தவறாமல் பூவிதழ் போல் அடுக்கி நின்றால் அது பிற்கால ஆப்செட் அச்சு. புள்ளி வரிசையின்றி மிக நுண்ணிய தூவலாகத் தெரிந்தால், அண்மையில் கணினி அச்சுப்பொறியில் எடுத்த நகலாக இருக்கக்கூடும். பழைய படத்தை ஒளிப்படமெடுத்து, அதன் கறையையும் மடிப்பையும் கூட அச்சிட்டு, பழைய சட்டத்தில் பொருத்தி விற்பவர் உண்டு. சாய்த்துப் பார்த்தால் உண்மை மடிப்பில் நிழல் விழும். அச்சிட்ட மடிப்பில் விழாது.

இரண்டாவது, ஓரத்து எழுத்து. படத்தின் அடியோரத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும், படத்தின் தலைப்பும், சிலவற்றில் பதிவெண்ணும் இருக்கும். 1889-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்துக்குப் பின், இறக்குமதிச் சரக்கில் பிறந்த நாட்டைக் குறிக்கும் வழக்கம் வந்தது. ஆகவே "செருமனியில் செய்தது" என ஆங்கிலத்தில் காணும் படம் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதே. சட்டத்தின் அளவுக்கு ஏற்பப் படத்தை வெட்டிவிடும் தொழிலாளர் பலர் இருந்தமையால், ஓரம் வெட்டுண்ட படங்களே மிகுதி. ஓரம் முழுமையாய் இருப்பது பெரும்பேறு.

மூன்றாவது, பின்புறம். முன்புறம் தெய்வம் பேசும். பின்புறம் வரலாறு பேசும். பின்பலகைக்கும் படத்துக்கும் இடையில் பழைய செய்தித்தாளை மடித்து வைப்பது சட்டக்காரர் வழக்கம். அத்தாளின் தேதிக்கு முன்னர் அச்சட்டம் அப்படியே அமைந்திருக்க இயலாது. படம் அதனினும் பழையதாகலாம், சட்டம் பழையதாகாது. சீட்டில் விலை அணாவில் இருந்தால், பதின்கூற்று நாணயம் வந்த 1957-க்கு முந்தியது எனக் கொள்ளலாம். "நயா பைசா" என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. அஞ்சல் குறியீட்டெண் ஆறு இலக்கத்தில் இருந்தால் 1972-க்கு முற்பட்டதன்று. முகவரியில் "தமிழ்நாடு" என மாநிலப் பெயராகக் காணின் 1969-க்குப் பிற்பட்டதாதல் இயல்பு.

நான்காவது, காகிதம். சுமார் 1950-க்குப் பின் செய்த காகிதங்கள் பலவற்றில் வெண்மை கூட்டும் வேதிப்பொருள் கலந்திருக்கும். புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் அத்தகைய தாள் நீலவெண்மையாய் ஒளிரும். பழந்தாள் மங்கியே இருக்கும். ரூபாய்த் தாளைச் சோதிக்கும் சிறு விளக்கே இதற்குப் போதும்.

ஐந்தாவது, அணிகலன். அச்சுப் படத்தின்மேல் பட்டுத் துணி, சரிகை, ஜமிக்கி, மணி முதலியன தைத்தும் ஒட்டியும் தெய்வத்துக்கு ஆடையுடுத்தும் வழக்கம் இருந்தது. செட்டிநாட்டு வீடுகளில் இத்தகைய படங்கள் பல உண்டு. அச்சு பல்லாயிரம் இருக்கலாம். ஆடையுடுத்திய படம் ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையது. வீட்டுப் பெண்டிரின் கைத்தொழில் ஆண்கள் தீட்டிய ஓவியத்தோடு கைகோத்த அரிய இடம் இது.

மதிப்பிடும் முறை

மதிப்பிடுவோர் ஐந்து வினாக்களுக்கு விடை காண வேண்டும். யார் அச்சிட்டது? எப்போது? எந்நிலையில் உள்ளது? எவ்வளவு அருமையாகக் கிடைப்பது? யார் வீட்டில் இருந்தது? இவற்றுள் எந்த ஒன்றும் தனித்து விலையைத் தீர்மானிக்காது. பழமை மட்டுமே மதிப்பாகாது. நூறாண்டு கண்ட படமாயினும் நிறம் வெளிறி, ஓரம் வெட்டுண்டு, இராமபாணப் பூச்சி அரித்திருந்தால் விலை குன்றும். இலக்குமியும் சரசுவதியும் மிகப் பல படிகள் அச்சானவை. பிற அச்சகங்களாலும் நகலெடுக்கப்பட்டவை. எல்லாரும் அறியாத கதைக் காட்சியோ, சிற்றூர்த் தெய்வமோ சிலவேளை அவற்றினும் அருமையாகக் கிடைக்கும்.

சட்டத்தைத் தனியே மதிப்பிடுக. பர்மாத் தேக்கில் செதுக்கிய சட்டமும், சிறு குமிழும் அலையும் கொண்ட பழைய கண்ணாடியும் தமக்கென விலை உடையவை. சட்டத்துக்காகப் படத்தை வாங்கி, உள்ளிருப்பதை எறிந்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி பொருத்தி விற்பாரும் உளர். ஆகவே விற்பவர் எதற்கு விலை பேசப்படுகிறது என்பதை அறிந்து பேசுதல் நலம்.

விலை என்பதும் ஒன்றன்று. வணிகர் கொடுக்கும் விலை, வணிகர் கேட்கும் விலை, ஏலத்தில் முடிந்த விலை என மூவகை உண்டு. கேட்ட விலையைக் கொண்டு மயங்காமல், உண்மையில் விற்று முடிந்த விலையையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேளாது இருவர் மூவரிடம் கேட்பது அறிவுடைமை. ரவி வர்மாவின் தூரிகை பட்ட மூல ஓவியங்கள் கோடிக் கணக்கில் விலைபோவதைச் செய்தியிற் படித்து, அச்சுப் படத்துக்கும் அவ்விலை வருமென எண்ணுவோர் ஏமாறுவர். மூலம் எத்தகையது என்பதைக் கண்ணாற் காண விரும்புவோர், மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக் கலைக்கூடத்திலும் சென்னை அரசு அருங்காட்சியகத்திலும் உள்ளவற்றைப் பார்த்துப் பழகலாம். கண் பழகுவதற்கு நிகரான நூல் இல்லை.

சட்டநெறியும் அறியத்தக்கது. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைக் காக்கிறது. உரிய இசைவின்றி அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லல் ஆகாது. ரவி வர்மாவின் படைப்புகள் 1979-இல் கலைச்செல்வமாக அறிவிக்கப்பெற்றன. வெளிநாட்டில் வாழும் பிள்ளைகள் பாட்டி வீட்டுப் படத்தை எடுத்துச் செல்ல விரும்பினால், முன்னதாக இந்தியத் தொல்லியல் துறையை அணுகித் தெளிவு பெறுதல் கடமை.

குங்குமப் பொட்டு கறையா?

இங்கு ஒரு சிக்கலைச் சிந்தித்தல் வேண்டும். வீட்டில் வழிபட்ட படத்தில் குங்குமமும் சந்தனமும் இட்ட தடம் இருக்கும். விளக்குப் புகை படிந்திருக்கும். பூ வைத்த இடத்தில் ஈரம் பட்டு நிறம் மாறியிருக்கும். சேகரிப்போர் கண்ணுக்கு இவை குறை. விலையைக் குறைக்கும் காரணம். வரலாற்று மாணவன் கண்ணுக்கோ இவை அப்படம் உயிரோடு இருந்ததற்கான சான்று. பெட்டியில் கிடந்து புதுமை கெடாத படத்தைவிட, மூன்று தலைமுறை கைகூப்பிய படம் மிகுதியாகப் பேசும்.

அச்சுப் படத்தின் மதிப்பை ஓவியத்தின் அளவுகோலால் அளப்பதே இச்சிக்கலின் வேர். ஓவியம் ஒன்றே ஒன்றாக இருப்பதால் உயர்ந்தது. அச்சுப் படமோ எங்கும் இருந்ததால் உயர்ந்தது. திருவிதாங்கூரில் 1936-இலும், மதுரை மீனாட்சி கோயிலில் 1939-இலும் ஒடுக்கப்பட்டோர்க்குக் கோயிற் கதவு திறந்தது. சென்னை மாகாணம் முழுமைக்குமான சட்டம் 1947-இல் நிறைவேறியது. அதற்கு நெடுங்காலம் முன்பே, சந்தையில் சில காசு கொடுத்து எவரும் இலக்குமியை வாங்கிக் குடிசைக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. படக்கடைக்காரர் வாங்குவோரின் சாதியைக் கேட்கவில்லை. ஆனந்த குமாரசாமியும் நிவேதிதை அம்மையாரும் ரவி வர்மாவின் கலையை நாடகப்பாங்கானது எனக் கண்டித்தனர். அழகியல் நோக்கில் அவ்வுரைக்கு இடமுண்டு. ஆயினும் அச்சுப் படம் ஆற்றிய சமுதாயப் பணியை அவ்வளவுகோல் அளக்கவில்லை. 1993-இல் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவுக்கெனப் பெருங்கண்காட்சி நிகழ்ந்ததும், அதன்பின் அச்சுப் படங்களையே பொருளாகக் கொண்டு ஆய்வுநூல்கள் எழுந்ததும் காலம் மாறியதைக் காட்டும்.

காக்கும் கடமை

உடைந்த படத்தை வீட்டில் வைத்தல் ஆகாது என்னும் நம்பிக்கையால் அரசமரத்தடியிலும் ஆற்றங்கரையிலும் கொண்டுபோய் வைக்கப்பட்ட படங்கள் கணக்கில. ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவி வந்தவரிடம் போனவையும் பல. நம்பிக்கையை இகழ வேண்டுவதில்லை. மரத்தடியில் வைக்குமுன் பின்பலகையைக் கழற்றிப் பார்ப்பதும், படத்தின் இருபுறமும் ஒளிப்படம் எடுத்துக்கொள்வதும் எந்நம்பிக்கைக்கும் முரணாகா. உடைந்தது கண்ணாடியேயாயின் கண்ணாடியை மாற்றினாலே போதும்.

வைத்துக் காப்போர் சில நெறிகளைப் பின்பற்றலாம். ஈரத் துணியால் படத்தைத் துடைத்தல் கூடாது. புதிதாக வார்னிஷ் பூசுதலும், பிளாஸ்டிக் தாளில் பொதிந்து சூடுபடுத்தி ஒட்டுதலும் படத்தை நிலையாகக் கெடுக்கும். அமிலமற்ற அட்டையைப் பின்னே வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாமல் சிறிது இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுதல் வேண்டும். பழைய பின்பலகையையும் செய்தித்தாளையும் சீட்டையும் எறியாது உறையிலிட்டுப் படத்தோடு பேணுக. நாட்காட்டியாய்ப் பிறந்த படமாயின், அடியில் மடித்து மறைத்த கடைப்பெயரை வெட்டாதிருக்க. அந்தப் பெயர்தான் ஊரின் வணிக வரலாறு. மூடிவிட்ட ஜவுளிக்கடைக்கும் மறைந்துபோன மளிகைக்கும் அதைவிட வேறு கல்வெட்டு இல்லாமற் போகலாம்.

தனியொருவர் முயற்சி எத்துணைப் பயன் தரும் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா சான்று. பிறர் குப்பை என்று கழித்த அச்சுத்தாள்களையும் நூல்களையும் வாழ்நாளெல்லாம் சேர்த்து 1992-இல் மறைந்தார். அவர் சேர்த்தவை இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகமாக உலக அறிஞர்க்குப் பயன்படுகின்றன.

எல்லைப்புறத்துத் தமிழ்ச் சங்கங்கள் இத்துறையில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுப் பூசையறையிலும் பரணிலும் உள்ள பழைய படங்களைப் பட்டியலிட்டு, அச்சகம், மொழி, பின்புறச் சீட்டு, யார் எப்போது வாங்கியது என்னும் குடும்பச் செய்தி ஆகிய நான்கையும் எழுதி வைத்தால், சில ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் வழிபாட்டு வரலாறே திரண்டுவிடும். இதற்குப் பொருட்செலவு இல்லை. படத்தின் கதையை அறிந்த முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டுவிடுதல் ஒன்றே வேண்டுவது. படம் எஞ்சினாலும், அதைத் திருமலையிலிருந்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தவர் யார் என்பதைக் காகிதம் தானே சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவரை இன்றே அணுகிக் கேட்போமாக.